விபத்துக்குப் பிறகு கூலன்ட், ஆயில், ஃபில்டர் பார்க்காமலே ‘செக் ஓகே’ என்று பில் போட்டது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: பொது மேலாளர், புதுச்சேரி சர்வீஸ் சென்டர்

ஐயா,

கடந்த மாதம் புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும்போது, ரெட்டிச்சாவடி அருகே மாடு ஒன்று குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்ததில் சாலையோரக் கல்லில் அடிப்பக்கம் உரசி, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முன்பக்கம் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை. இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டு, உங்கள் அங்கீகாரம் பெற்ற புதுச்சேரி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். பம்பர், கிரில், இடது ஹெட்லைட், ஏசி கண்டன்சர் எல்லாம் மாற்றி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பெயின்ட் வேலையில் எனக்குக் குறையே இல்லை. எங்கே இடித்தது என்று தேடினாலும் தெரியாது. என் புகாரெல்லாம் பானெட்டுக்கு உள்ளே இருப்பதைப் பற்றித்தான்.

பில்லில் ‘ஃப்ளூயிட், ஃபில்டர் செக் – ஓகே’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாக லேபர் சார்ஜும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வேலை நடக்கவில்லை என்றுதான் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன்.

வண்டியை எடுத்து வந்த அடுத்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் மேலேறி, சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் முள் தானாகவே இறங்கிவிட்டது, ஆனால் விளக்கு மறுபடியும் எரிந்தது. சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். “சென்சார் பிரச்சினையா இருக்கும் சார், அதான் முள் இறங்கிடுச்சே. ஏசியை ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஓட்டிட்டு இங்க வந்துடுங்க” என்றார்கள். அங்கிருந்து புதுச்சேரி 30 கிலோமீட்டருக்கும் மேல். மனசு கேட்காமல் கடலூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். “அண்ணே, முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க” என்றார். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் மஞ்சக்குப்பம் கொண்டுவந்தோம்.

முள் இறங்கியதற்கு அவர் சொன்ன காரணத்தை உங்கள் போன் பிரிவும் தெரிந்துகொள்ள வேண்டும். டெம்பரேச்சர் சென்சார், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். அந்த நேரத்தில் ‘மெதுவாக ஓட்டி வாருங்கள்’ என்று சொல்வது இன்ஜினைக் கொல்லச் சொல்வதுதான். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டால், கூலன்ட்டும் ஆயிலும் கலந்து செலவு எங்கேயோ போய் நிற்கும். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றவனுக்கு இந்த யோசனையைக் கொடுத்தார்கள் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, உள்ளே என்ன இருந்தது? ரேடியேட்டரின் கீழ்ப்புற பிளாஸ்டிக் டேங்கில் மயிரிழை விரிசல். வண்டி ஆறியிருக்கும்போது ஒரு சொட்டுகூட வெளியே வராது. ஓடும்போது கூலன்ட் அழுத்தத்தில் இருக்கும், அதனால்தான் அது 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. அந்த அழுத்தத்தில்தான் விரிசல் வாய் திறக்கிறது. கைப் பம்ப்பை மாட்டி அழுத்தம் கொடுத்ததும் கசிவு தெரிந்துவிட்டது. முன்பக்கம் மோதிய வண்டி, அதிலும் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கும் கண்டன்சரே நசுங்கி மாற்றிய வண்டி. அதற்குப் பின்னால் இருப்பதை இப்படிச் சோதிக்காமல் எப்படி ‘ஓகே’ போட முடியும்? என்னை அதிகம் கோபப்படுத்தியது இன்னொன்று. டேங்கில் மிச்சமிருந்த கூலன்ட் நிறம் வெளுத்து, வெறும் தண்ணீர் கலந்தது போல இருந்தது. நானோ வேறு ஒர்க்‌ஷாப்போ தண்ணீர் ஊற்றவில்லை. உங்கள் ஆட்களில் யாரோ அளவு குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள், ஏன் குறைந்தது என்று கேட்காமல் தண்ணீரை ஊற்றி மூடியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இல்லையென்றால் காரணத்தை எழுதுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. கல் உரசிய இடத்தில், இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் ஆயில் சேம்பர் உள்நோக்கி நசுங்கி, போல்ட்டைச் சுற்றி ஈரம். ஆயில் உறிஞ்சும் வலை சேம்பர் தரையை ஒட்டித்தான் இருக்கும், நசுங்கல் அதை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் போகாது. டேஷ்போர்டில் வரும் ஆயில் விளக்கு அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும், அளவு குறையும்போதே சொல்லாது. அதனால்தான் அடிபட்ட வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும் என்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் கொக்கியும் உடைந்திருந்தது. மூடி சரியாக உட்காராத இடைவெளி வழியாக, ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்திலேயே தூசி படிந்திருந்தது. பிரேக் ஆயில் மட்டும் அளவாகவும் தெளிவாகவும் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இதில் பணநஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். கிளெய்ம் திறந்திருந்தபோது இவற்றைக் கண்டுபிடித்திருந்தால், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயரைத் திரும்ப அழைத்துக் கூடுதல் எஸ்டிமேட்டில் சேர்த்திருக்கலாம். இப்போது கிளெய்ம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சூடேறி இன்ஜினுக்கு வந்த பழுதை, தனியாக இன்ஜின் பாதுகாப்பு கவர் எடுக்காதவர்களுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் கொடுப்பதில்லை. என் பாலிசியில் அது இல்லை. உங்கள் மெக்கானிக் பார்க்காமல் விட்டது என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

எனவே ரேடியேட்டர், ஆயில் சேம்பர், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் உங்கள் செலவில் மாற்றி, ஆயிலும், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் புதிதாகப் போட்டு, நீங்கள் சொல்லும் ரக கூலன்ட்டையே நிரப்பித் தர வேண்டும். சிலிண்டர் கம்ப்ரஷனையும் ஹெட் கேஸ்கட்டையும் என் முன்னிலையில் சோதித்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். வண்டியை இழுத்து வந்த செலவையும், செய்யாத செக்குக்கு வாங்கிய லேபர் சார்ஜையும் திருப்பித் தர வேண்டும். அந்த ‘ஓகே’ போட்டவரின் கையெழுத்துள்ள ஜாப் கார்டு நகல் எனக்கு வேண்டும். அப்புறம், சிவப்பு விளக்கு எரிகிறது என்று யார் போன் செய்தாலும் முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லும்படி உங்கள் போன் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள். எனக்குக் கிடைக்கும் பணத்தைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பில், மெக்கானிக் எடுத்த படங்கள், இழுவை வண்டி ரசீது இவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வாடிக்கையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதில் வரும்வரை வண்டி மஞ்சக்குப்பத்தில் அதே நிலையில், எதையும் மாற்றாமல் நிற்கும். உங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.