ஆண்டறிக்கை 2023–24: குடியிருப்போர் நலச் சங்கம், குன்னூர்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்களும் பொங்கல் விளையாட்டுகளும் கண் பரிசோதனை முகாமும் குறைவின்றி நடந்தன. தெருவிளக்கு, குடிநீர் மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. செலவும் கேள்வியும் அதிகம் எழுந்தது மன்றத்தின் பின்புற மரத்தளம் குறித்துத்தான் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

பழைய தளம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து, மன்றச் சுவரையும் இழுத்து விரிசல் விட வைத்தது. மரம் உளுத்துவிட்டது, தூணை மாற்றினால் போதும் என்று பலர் சொன்னார்கள். மரத்தில் குறையில்லை. மேஸ்திரி வெளி வரிசைத் தூணருகே கடப்பாரையைப் போட்டார். அது தடையில்லாமல் இறங்கியது. குழி தோண்டியபோது ஓட்டுச் சில், செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் வந்தன. அதற்கும் கீழே மக்கிய புல் அடுக்கு. அதன் பிறகுதான் கெட்டியான செம்மண். மன்றம் கட்டியபோது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளியிருக்கிறார்கள். உள்வரிசைத் தூண்கள் வெட்டுத் தரையில் அசையாமல் நின்றன. வெளிவரிசை கொட்டு மண்ணோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

கொட்டு மண்ணும் தாங்கும். சரிவைப் படிபடியாக வெட்டி, பதமான ஈரத்தில் 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியிருந்தால். புல்லை நீக்காமல் மேலே கொட்டிய மண் அப்படியல்ல. மழைநீர் இறங்கினால் அந்தப் புல் அடுக்கே வழுக்குப் பாதை. தடுப்புச் சுவர் கட்டலாம் என்ற யோசனையை, அந்தச் சுவரும் இதே மண்ணின் மேல்தான் நிற்கும் என்பதால் குழு ஏற்கவில்லை.

ஆகவே கொட்டு மண்ணைத் தாண்டி, அசல் தரை வரை அஸ்திவாரக் குழி தோண்டினோம். வெளிவரிசையில் ஆள் மறையும் ஆழம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்குத் தனி அனுமதி வேண்டும், ஆட்களே தோண்டினார்கள். பக்கங்களுக்கு முட்டுப் பலகை கொடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கான்கிரீட் போட்டு மூடிவிட்டோம். ஃபுட்டிங்குகளின், அதாவது தூண்களுக்கு அடியில் போட்ட கான்கிரீட் பீடங்களின், அடி சரிவோடு சாயாமல், ஒவ்வொன்றும் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக வெட்டிய படிக்கட்டு போல. உயரமான வெளித் தூண்களைப் பீம் போட்டு உள்வரிசையோடு பிணைத்திருக்கிறோம். தளம் இப்போது மன்றச் சுவரைத் தொடவில்லை. அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது, யாரும் சிமென்ட் வைத்து அடைத்துவிட வேண்டாம்.

தளம் ஏன் சிறுத்தது என்று கேட்டவர்களுக்கு: இந்தியத் தர விதி எண் 1904-ன்படி (IS 1904), ஃபுட்டிங்கின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் முகப்பு வரை கிடைமட்டமாக மண்ணில் 90 செ.மீ., பாறையில் 60 செ.மீ. இருக்க வேண்டும். அதற்காக வெளிவரிசையை உள்ளே தள்ளினோம். நாற்காலி இரண்டு வரிசை குறையும், அவ்வளவே.

என் கணிப்பில் உண்மையான எதிரி கூரைத் தண்ணீர். பழைய தகரக் குழாய் நேராகக் கொட்டு மண்ணின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கருங்கல் வாய்க்காலுக்குப் போகிறது. 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் மாண்டதை அறிந்த நாம், தண்ணீருக்கு வழிவிடாமல் எதையும் கட்டக் கூடாது.

பணமெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்கிறார்கள். ஆமாம், அங்கேதான் போயிருக்கிறது. அதனால் கைப்பிடிக் கம்பியை மட்டும் முடித்தோம், வார்னிஷ் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

வாய்க்காலை மழைக்கு முன்னும் பின்னும் தூர்வார ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்