குழம்பி நிற்கும் பிள்ளைக்கு உடனே விடை காட்டாதீர்கள்

அறிவியல் பாட மென்பொருள் வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். நான் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன மாதம் கணினி அறையில் ஒரு மாணவி இயக்க விதிக் கணக்கு ஒன்றின் முன்னால் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது, விரல் மேசைமேல் அம்புக்குறிகளை வரைந்துகொண்டிருந்தது. பிடித்துவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் திரையில் ஒரு பெட்டி: "சிரமமாக இருக்கிறதா? இதோ விடை." பெருமூச்சு விட்டுவிட்டு 'அடுத்து' என்பதை அழுத்தினாள். அந்தப் பெட்டிக்காகத்தான் இந்த மடல்.

மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட் கிரேசர் குழு உருவாக்கிய, மாணவரோடு உரையாடியே பாடம் நடத்தும் ஆட்டோடியூட்டர் மென்பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேர்கோட்டில் சீரான வேகத்தில் ஓடுகிறவர் ஒரு பூசணிக்காயை நேர் மேலே எறிந்தால் அது எங்கே விழும் என்று கேட்குமே, அதுதான். என் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "பின்னாடி விழும் மிஸ்" என்பார்கள். காற்றுத் தடை இல்லையென்றால் அவர் கைக்கே வரும். ஓட்டத்தின் வேகம் காயிடமும் இருக்கிறது. "பின்னாடி" என்று சொன்ன பிள்ளை, கொஞ்ச நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இதை ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

குழப்பம் தீர்ந்தால் ஈடுபாடு திரும்புகிறது, தீராமல் இழுத்தால் எரிச்சலாகி, பிறகு சலிப்பில் முடிகிறது என்று கிரேசரும் அவருடைய சக ஆய்வாளர் சிட்னி டிமெல்லோவும் 2012-ல் எழுதினார்கள். அதற்கு முன்பே, 2010-ல், ரயன் பேக்கர், பிலிப்பைன்ஸின் மெர்சிடிஸ் ரோட்ரிகோ என்ற ஆய்வாளர்கள் இவர்களோடு சேர்ந்து மூன்று கற்றல் மென்பொருள்களை ஒப்பிட்டார்கள். அதில் தெரிந்தது, லேசில் விட்டுப் போகாதது சலிப்புதான் என்பது. யோசிக்காமல் குறிப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தி விடையைக் கறக்கும் பழக்கமும் சலிப்போடுதான் வருகிறது.

அப்படியிருக்க, உங்கள் மென்பொருள் குழப்பத்தையும் எரிச்சலையும் ஒரே கணக்கில் சேர்ப்பது ஏன்? ஒவ்வொரு முறையும் வேறு வழியில் தவறு செய்கிறவள் யோசிக்கிறாள். இரண்டு நொடிக்கு ஒன்றாக விடைகளைத் தட்டுகிறவனுக்குத்தான் கை கொடுக்க வேண்டும். இதை அழுத்தல்களிலும் இடைவெளிகளிலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

கேமரா மட்டும் வேண்டாம். என் மாணவியின் சுருங்கிய புருவத்தை இயந்திரம் கோபம் என்று எழுதிக்கொண்டிருக்கும். முகத்தை வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலானோர் 2019-ல் விரிவாக எழுதிவிட்டார்கள். முகம், குரல் போன்ற உடல்சார் தரவுகளை வைத்து மாணவர் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்குத் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் கல்வி நிலையங்களில் தடை செய்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

அடுத்த பதிப்பில் அந்தப் பெட்டிக்குள் 'இன்னும் யோசிக்கிறேன்' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளட்டும். அவளாகக் கூப்பிடும்வரை திரும்ப வர வேண்டாம்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை