ஊருக்குள்ளியா, அந்தாண்டையா?

தருமபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் அப்படியே. பாப்பா இரண்டாம் வகுப்பு போகிறாள், உன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறாள். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு கட்சி நிகழ்ச்சிக்குப் போனேன். சிரிக்காதே. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ அதைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் திட்டுவாய், நான் சொல்லவந்தது அப்படியே நின்றுவிடும்.

ஆடிட்டர்தான் இழுத்துக்கொண்டு போனான். இளம் தொழில்வல்லுநர்கள் சந்திப்பாம். பைபாஸில் ஏசி மண்டபம், வட்ட மேசை, வெள்ளைத் துணி. கரைவேட்டி இரண்டு மூன்றுதான் கண்ணில் பட்டது. மீதியெல்லாம் டாக்டர்கள், வக்கீல்கள், ஓசூர் சிப்காட்டில் என்னைப் போல ஷிப்ட் பார்ப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்தே பெங்களூர் சம்பளம் வாங்கும் ஐடி பிள்ளைகள். வாசலில் மொஹிட்டோ கொடுத்தார்கள். அதில் மிதந்த புதினாவை என்ன செய்வதென்று தெரியாமல் நம் ஆள் மென்று முழுங்கிவிட்டான்.

பிரியாணியைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த ஆடிட்டர் விழித்துக்கொண்டான். சட்டசபை வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாமாம். ஆனால் அந்தக் கணக்கு வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்குமாம். "ஆக, இந்த லெக் பீஸ் யார் கணக்கிலும் இல்லை" என்று சொல்லி இன்னொன்று வாங்கிக்கொண்டான். அவன் மாறவே இல்லை.

அப்புறம் கேள்வி நேரம். மைக் சுற்றி வந்தது. நான் எழுந்து நின்றேன் என்றால் நம்புவாயா? மொரப்பூர்-தருமபுரி ரயிலைக் கேட்டேன். 1941-ல் நிறுத்திய பாதை, புதிதாகப் போட வேண்டியது வெறும் 36 கிலோமீட்டர். அடிக்கல் நாட்டியதே 2019-ல்தான். இன்னமும் சென்னைக்கு ரயில் பிடிக்க மொரப்பூருக்குப் பஸ்ஸில் ஓடுகிறோம், நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். சீட்டு எதிர்பார்க்கிறவர் என்னை "தம்பி" என்று கூப்பிட்டு, அவர் தாத்தா அந்தச் சின்ன ரயிலில் போன கதையை உருக்கமாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, மனிதர் பதிலே சொல்லவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

கிளம்பும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பை வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வேலை, செல் நம்பர், வாக்குச்சாவடி எண். அதற்குக் கீழே சமுதாயம் என்று ஒரு கட்டம். மொஹிட்டோ குடித்த அத்தனை பேரும் குனிந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அதை மட்டும் விட்டுவிட்டு நீட்டினேன். பெரிய வீரம் செய்துவிட்ட நினைப்பு வேறு. மேசையில் இருந்தவன் இருபது வயதுப் பையன், முன் பல்லில் நம் ஊர்த் தண்ணீர்க் கறை. கட்டத்தைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"ஊரு எது சார்?"

"பாலக்கோடு பக்கம்."

"ஊருக்குள்ளியா சார், அந்தாண்டையா?"

"ஊருக்குள்ள" என்றேன். யோசிக்கவே இல்லை முருகேசா, வாய் தானாகச் சொன்னது. அவன் ஊர்ப் பெயரையும் தெருவையும் கேட்டு, கட்டத்தில் அவனே எழுதிக்கொண்டான். சரியாகத்தான் எழுதினான். பையில் ஒரு டைரி, ஒரு பேனா, தண்ணீர் பாட்டில்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை, இதே வார்த்தைகளில், எங்கள் ஆயா உன்னிடம் கேட்டாள். முதல் வருஷம், செமஸ்டர் லீவு. திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "ஊருக்குள்ளியா கண்ணு, அந்தாண்டையா?" நீ சிரித்துக்கொண்டே "அந்தாண்ட ஆயா" என்றாய். கொஞ்ச நேரத்தில் காப்பி வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர். உனக்கு, சித்தப்பா கல்யாணத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் கப். நான் என் டம்ளரைக் குடித்து முடித்தேன். நீ கப்பை நசுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, காப்பி நன்றாக இருந்தது என்று சொன்னாய்.

அதற்கப்புறம் எந்த டீக்கடைக்குப் போனாலும் "அண்ணே, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பு" என்பாய். நானும் சிரிப்பேன். நம் ரூம் முழுக்கச் சிரிக்கும். அந்தக் கப் எங்கிருந்து வந்தது என்று தெரியாத மாதிரியே இத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. நீயும் எனக்குத் தெரியும் என்று தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாயா? அதுதான் இப்போது மண்டையைக் குடைகிறது.

ஆயா போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளைக் கேட்க முடியாது. என்னைக் கேட்கலாம். நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தப் பையன் தினமும் கூப்பிடுகிறான். எங்கள் தெருவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்களாம், வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவும் வந்துவிட்டது. ஆடிட்டர் அதை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். உனக்கும் வரும், அதனால்தான் அவன் முந்துவதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன்.

போன் பண்ணாதே. பண்ணினால் நீ ஏதாவது கிண்டல் செய்வாய், நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன்,
குமார்