கெட்டுக்குப் பின்னால் வருவதைப் பார்

அம்மாடி,

நீ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி அனுப்பிய வசன வரிகளை முழுக்கப் பார்த்துவிட்டேன். ஆங்கில 'கெட்' (get) வருகிற இடம் 41. அதில் 17 இடத்தில் சிவப்பு போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பேச்சுத் தமிழில் உனக்கு இருக்கிற லாகவம் எனக்குக் கிடையாது, அதை உங்கம்மாவிடமும் சொன்னேன். கோப்பு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது மூன்றே சொல். அந்த மூன்று சொல்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த வினையை அகராதியில் தேடாதே. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்'டுக்கு 430 பொருள். பிற்பாடு திருத்தியபோது 'ரன்' 645 பொருளோடு அதைத் தாண்டியது. 'கெட்'டும் அந்த வகையறாதான். அத்தனையையும் மனப்பாடம் செய்து எவனும் மொழிபெயர்க்க முடியாது. பின்னால் என்ன வருகிறது என்று பார், பாதி வேலை முடிந்தது. பெயர்ச்சொல் வந்தால் வாங்குவது, கிடைப்பது, கொண்டுவருவது. இடம் வந்தால் போய்ச் சேருவது. பெயரடை வந்தால் ஆவது. ஆனால் இந்த 'ஆவது' தமிழில் ஒரே சொல்லாக நிற்காது: கோபம் வருகிறது, வயசாகிறது, இருட்டுகிறது, சூடு ஆறுகிறது. நீ எல்லாவற்றுக்கும் 'ஆகிவிட்டது' போட்டிருக்கிறாய். 'கோபமாகிவிட்டான்' என்று நம் வீட்டில் யார் பேசுகிறோம்? ஆங்கிலத்திலும் இது எல்லாப் பெயரடையோடும் ஒட்டாது. பைத்தியம் பிடிப்பதற்கும் கண் பார்வை போவதற்கும் அங்கே 'கோ'தான், 'கெட்' கிடையாது.

ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த 'கெட்டா'விலிருந்து வந்த சொல் இது. அடைவது, கைக்குக் கொண்டுவருவது என்று பொருள். 'ஃபர்கெட்'டுக்குள் இருப்பதும் அதே வேர்தான். கைப்பிடியில் இருந்தது நழுவிப்போவதுதான் மறப்பது.

நீ கவனிக்காத ஒன்று: நம் 'வாங்கு' இதற்கு ஏறக்குறைய உடன்பிறப்பு. அடி வாங்கினான், திட்டு வாங்கினான், பேர் வாங்கினான், மூச்சு வாங்குகிறது. காசு கொடுத்து வாங்கியது இதில் ஒன்றுகூட இல்லை. முப்பத்திரண்டாவது வரியைப் பார், 'கெட்' இறந்தகாலத்தில் 'காட்' (got) ஆகி வருகிறது. 'ஐ காட் ஹிம் டு சைன்.' நீ 'கையெழுத்துப் போட வைத்தேன்' என்று எழுதியிருக்கிறாய். அது 'மேக்' வந்தால் சரி. கழுத்தில் கத்தி வைத்த மாதிரி இருக்கும். 'ஹேவ்' வந்திருந்தால் போடச் சொன்னேன், போட்டான், அவ்வளவுதான். 'கெட்' வந்தால் கெஞ்சியோ நச்சரித்தோ பேசிச் சரிக்கட்டியோ காரியம் நடந்திருக்கிறது. 'அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்' என்று போடு. எழுத்தும் குறைகிறது, இரண்டு வரிக்குள் அடக்க வேண்டிய வேலையில் அது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, 'மேக்', 'ஹேவ்' இரண்டுக்கும் பிறகு வினை மொட்டையாக வரும், 'கெட்'டுக்குப் பிறகு மட்டும் நடுவில் 'டு' நிற்கும். அந்த 'டு'வைப் பார்த்தாலே யாரோ யாரையோ இணங்க வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்.

இறந்தகால எச்சம் வரும் இடங்கள்தான் உன்னை அதிகம் படுத்தியிருக்கின்றன. 'காட் மை ஹேர் கட்' என்றால் முடி வெட்டிக்கொண்டேன். 'காட் மை ஃபிங்கர் காட் (caught) இன் த டோர்' என்றால் கதவில் விரல் மாட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அமைப்பு. ஒன்று நாமே விரும்பிச் செய்துகொண்டது, மற்றது நம் தலையில் வந்து விழுந்தது. தமிழிலும் பார், வெட்டிக்கொண்டேன், மாட்டிக்கொண்டது, இரண்டிலும் அதே 'கொள்'. நீயோ விரலையும் வேண்டுமென்றே மாட்ட வைத்திருக்கிறாய்! 'காட் ஃபயர்ட்' என்பதற்கு 'பணியிலிருந்து நீக்கப்பட்டான்' செய்தித்தாள் தமிழ். 'வேலை போச்சு' போதும். 'காட் மேரீட்' கல்யாணம் நடந்ததைச் சொல்வது, 'இஸ் மேரீட்' கல்யாணமான நிலையைச் சொல்வது. அதை நீ சரியாகத்தான் பிரித்திருக்கிறாய்.

வண்டி விஷயம் சுலபம். நிமிர்ந்து நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தால் ஏற 'ஆன்', இறங்க 'ஆஃப்': பேருந்து, ரயில், விமானம். குனிந்து நுழைய வேண்டியிருந்தால் 'இன்', வெளியே வர 'அவுட் ஆஃப்': கார். தமிழில் ஏறு, இறங்கு. மேலே போகலாம்.

'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. ஒன்பதாவது வரியில் அந்தப் பெண் ஆறு மணிக்கு விழித்துப் பதினொரு மணிக்குத்தான் எழுகிறாள். நீ இரண்டுக்கும் 'எழுந்தாள்' என்று போட்டுவிட்டாய். நடுவில் அந்த ஐந்து மணிநேரம் அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளே, காட்சியே அதுதானே? நீ இதைத் தவறவிடுகிற ஆள் இல்லையே. நேரத்துக்குத் தூங்குகிறாயா? நேரத்துக்குத் தூங்கு.

'கெட் ஓவர்' நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. 'இட்' கடைசியில்தான் வரும். நடுவே வந்து, பின்னால் 'வித்'தும் சேர்ந்தால், 'கெட் இட் ஓவர் வித்', அது வேறு சங்கதி: பிடிக்காத ஒன்றை எப்படியோ செய்து தொலைப்பது. அறுபதாவது வரியில் இரண்டையும் குழப்பியிருக்கிறாய். தாய் மகளிடம் 'சீக்கிரம் மீண்டு வா' என்கிறாள்; நீ 'சீக்கிரம் முடித்துத் தொலை' என்று போட்டிருக்கிறாய். அந்தத் தாய் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. 'ஐ காண்ட் கெட் ஓவர் இட்' என்பதிலும் ஒரு கண் வை. துக்கம் தாளவில்லை என்றும் இருக்கலாம், ஆச்சரியம் தாங்கவில்லை என்றும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்தில் மட்டும் பார்த்தால் தெரியாது.

'கெட் த்ரூ' தொலைபேசி இணைப்புக் கிடைப்பது. பரீட்சையில் தேறுவதும், கஷ்டகாலத்தைக் கடப்பதும் அதே. பின்னால் 'டு'வும் ஓர் ஆளும் வந்தால் இரண்டு பொருள் ஒன்றாக நிற்கும்: 'ஐ காண்ட் கெட் த்ரூ டு ஹர்.' அவளுக்கு லைன் கிடைக்கவில்லை. அல்லது, என்ன சொன்னாலும் அவள் மனசுக்குள் ஏறவில்லை. உனக்குப் போன் போட்டுப் போட்டு உங்கம்மாவுக்கு இரண்டு பொருளும் மனப்பாடம்.

மூன்று சொல்லுக்கு வருகிறேன். 'கெட்டிங் பை, அப்பா.' 'கெட் பை'க்குத் தமிழில் நாலைந்து தேறும். 'சமாளிக்கிறேன்' என்றால் முதுகு இன்னும் நிமிர்ந்திருக்கிறது. 'ஒப்பேத்துகிறேன்' என்றால் எங்கோ ஒட்டுப்போட்டு ஓடுகிறது. 'காலத்தைத் தள்ளுகிறேன்' என்றால் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துவிட்டது. எது என்று பிரிக்கப் பின்னால் வருவதைத்தான் பார்க்க வேண்டும். 'ஆன்' வந்தால் எதை வைத்து, 'வித்தவுட்' வந்தால் எது இல்லாமல். நீ எழுதியதில் பின்னால் வருவது 'அப்பா' மட்டும். இருபது தடவை பார்த்துவிட்டேன். பணம் பற்றாக்குறை என்றால் நீலக் கோப்பில் உன் பங்கு அப்படியே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேறு ஏதாவது என்றால் மாடி அறைச் சாவி அதே இடத்தில்தான்.

போன வருஷம் ராத்திரி ஒரு மணிக்கு நீ எழுதினாயே, 'ஐ டோன்ட் கெட் அலாங் ஹிம்' என்று. நான் என்ன பதில் போட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். 'அலாங்'குக்குப் பிறகு 'வித்' வேண்டும் என்று எழுதினேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ மறுநாள் 'தேங்க்ஸ் அப்பா' என்று திருத்தி அனுப்பினாய், நான் அதைச் சரி பார்த்துவிட்டுத் தூங்கினேன். யார் அந்த 'ஹிம்' என்றுகூடக் கேட்கவில்லை. தெரியும் என்பதால் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. 'வித்' இல்லாமலே அந்த வாக்கியம் எனக்குப் புரிந்திருந்தது.

உங்கம்மா, 'பாடம் நடத்தாதே, வரச்சொல்' என்றாள். நான் எழுதத் தெரிந்த விதத்தில்தானே எழுத முடியும்.

கடைசியாக ஒன்று, எழுபத்தேழாவது வரி. 'கெட் பேக் டு' என்றால் பதில் சொல்வது. 'கெட் பேக் ஆட்' என்றால் பழிவாங்குவது. அங்கேயும் 'வாங்கு' வந்துவிட்டது பார். நீ மாற்றிப் போட்டிருக்கிறாய்: அவன் 'நாளைக்குப் பதில் சொல்றேன்' என்கிறான், உன் வரியில் பழிவாங்கப் போகிறான். அதைத் திருத்திவிட்டு 'கெட் பேக் டு மீ'. 'டு' இல்லை, 'ஆட்'தான் என்று உனக்குத் தோன்றினால் அதையாவது எழுது, அம்மாடி.

அப்பா