தண்டிப்பதற்கு முன் கேளுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

மாணவரின் பையில் சிகரெட்டோ வேப் என்னும் மின்சிகரெட் கருவியோ சிக்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்றோரை வரவழைப்பார்கள், மன்னிப்புக் கடிதம் வாங்குவார்கள், சில நாள் வகுப்புக்கு வராதே என்பார்கள். அந்தப் பிள்ளை நிகோட்டினுக்கு அடிமையாகிவிட்டதா என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அதை முதலில் விசாரியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறோம்.

தினமும் பிடித்தால்தான் அடிமை, எப்போதாவது நண்பர்களோடு இழுப்பது விளையாட்டு என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. நிகோட்டின் அடிமைத்தனத்தை அளக்கப் பெரியவர்களுக்கென உருவான ஃபேகர்ஸ்ட்ராம் வினாத்தாளும் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதையே பெரிதாகப் பார்க்கிறது. பதின்பருவத்தினரிடம் இந்தக் கணக்கு தப்பாகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிஃப்ரான்சாவும் குழுவினரும் 12, 13 வயது மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்போதாவது புகைக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே, தினசரிப் பழக்கம் வருவதற்கு முன்பே, சிலரிடம் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தென்பட்டன. தொடக்கத்தில் ஒரு சிகரெட் தந்த நிறைவு நாள்கணக்கில் தாங்கும். போகப்போக அந்த இடைவெளி சுருங்கி, கடைசியில் மணிக்கணக்குக்கு வந்துவிடும். சனிக்கிழமை மட்டும் புகைக்கும் பிள்ளையும் வெள்ளிக்கிழமை தவிப்பது இதனால்தான்.

வகுப்பறையில் இது எப்படித் தெரியும்? இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டுகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் பள்ளிக்கு வரும் வழியில் புகைத்த மாணவர் முதல் பாடவேளையில் நன்றாகவே இருப்பார். மூன்றாவது பாடவேளையில் கால் ஆடத் தொடங்கும். படித்த வரியையே திரும்பப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பேனாவைக் கேட்டால்கூட எரிந்து விழுவார், கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்பார். திரும்பி வரும்போது ஆள் அமைதியாகியிருப்பார். போவதற்கு முன்னும் வந்த பின்னும் உள்ள இந்த வேறுபாடுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. வாசனையைத் தேடினால் மிட்டாயும் வாசனைத் திரவமும் உங்களை ஏமாற்றிவிடும். நேரத்தின் ஒழுங்கை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது.

மாணவரும் இங்கேதான் ஏமாறுகிறார். "பிடிச்சா டென்ஷன் குறையுது சார்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் குறைவது, முந்தைய சிகரெட்டின் நிகோட்டின் இறங்கியதால் வந்த பதற்றம். இதைப் பொறுமையாக விளக்கினால் பல பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

புகையில்லாப் பொருள்களில் அடையாளங்கள் வேறு. மெல்லும் புகையிலையிலும், வாயில் ஒதுக்கி வைக்கும் சிறு நிகோட்டின் பொதிகளிலும் உள்ள நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே மெதுவாக இறங்கி நீண்ட நேரம் நிற்பதால் அடிக்கடி வெளியே போக வேண்டியதில்லை. ஒரே பக்கத்தில் நாக்கைத் துழாவுவது, பேசத் தயங்குவது, அடிக்கடி துப்புவது ஆகியவற்றைப் பாருங்கள். பொருளை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈறு இறங்கியிருந்தாலோ வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வேப்பில் நிகோட்டின் உப்பு சேர்த்திருந்தால் தொண்டை எரிச்சல் குறையும், அதனால் அதிக நிகோட்டின் உள்ளே போவது பிள்ளைக்கே தெரியாது. முதல் நாள்களில் வந்த தலைச்சுற்றலும் குமட்டலும் இப்போது வருவதில்லை என்றால் உடல் பழகிவிட்டது என்று பொருள். "என்னுடையதில் நிகோட்டின் கிடையாது" என்று மாணவர் உறுதியாகச் சொன்னாலும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அப்படி விற்கப்பட்டவற்றிலும் நிகோட்டின் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது.

பேசும்போது தனியாக, கதவு மூடிய அறையில், பெயரைக் குறித்துக்கொள்ளாமல் பேசுங்கள். "புகைக்கிறாயா?" என்று தொடங்கினால் "இல்லை" என்பதோடு முடிந்துவிடும். டிஃப்ரான்சா குழு ஆம், இல்லை என்று விடை சொல்லும் 10 கேள்விகளைத் தயாரித்தது. அவற்றின் சாரத்தை உங்கள் பேச்சுமொழியில் இப்படிக் கேட்கலாம்: "விடணும்னு பார்த்து முடியாமப் போச்சாப்பா? பிடிச்சே ஆகணும்னு மனசு அடிச்சுக்குமா? பள்ளிக்கூடத்துக்குள்ள அடக்கிக்கிறது கஷ்டமா இருக்கா? ரெண்டு நாள் இல்லாம இருந்தா கோபம் வருதா, படிப்புல மனசு நிக்கலையா?" ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலே கட்டுப்பாடு கைநழுவத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்த அரை மணிக்குள் தேவைப்படுகிறது என்றால் சிக்கல் முற்றிவிட்டது.

சிறுநீர்ச் சோதனை வேண்டாம். அதில் தெரியும் கோட்டினின், அதாவது உடலில் நிகோட்டின் சிதைந்து உருவாகும் பொருள், அண்மையில் நிகோட்டின் உடலில் சேர்ந்ததை மட்டுமே சொல்லும், அடிமையா இல்லையா என்பதைச் சொல்லாது. மாணவர் இனி உங்களிடம் வாய் திறக்கவும் மாட்டார். இடைநீக்கம் அதைவிட மோசம். நிகோட்டின் கிடைக்காததால் வரும் விலகல் அறிகுறிகள் நிறுத்திய 2, 3 நாள்களில் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாள்களில் பிள்ளையை ஆளில்லாத வீட்டில் தனியாக விட்டால், மறுபடி இழுக்காமல் வேறென்ன செய்யும்?

நிறுத்த ஒப்புக்கொண்டவருக்குப் பள்ளி செய்யக்கூடியவை எளியவை. பொதுவிடுமுறையோ தேர்வோ இல்லாத வாரத்தில் நாள் குறியுங்கள். முதல் 3 நாள் தேர்வோ வாய்மொழிச் சோதனையோ வைக்காதீர்கள். ஒரு தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், கழிவறைக்குப் பதிலாக ஆலோசகர் அறைக்கோ நூலகத்துக்கோ 5 நிமிடம் போய்வர அனுமதி கொடுங்கள். பசி கூடும், தூக்கம் கெடும், எரிச்சல் இருக்கும். 2 முதல் 4 வாரங்களில் இவை பெரும்பாலும் அடங்கும் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களே பிள்ளையோடு சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். புகைத்தவர் காபி குடிப்பவராக இருந்தால் அளவைப் பாதியாக்கச் சொல்லுங்கள். புகை நின்றதும் காஃபின் உடலில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிட்டு, நிகோட்டின் இல்லாததால்தான் இவ்வளவு அவதி என்று முடிவுகட்டி மறுபடி தொடங்கிவிடுகிறார்கள்.

நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்றவற்றை 18 வயதுக்குட்பட்டவருக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும். மனச்சோர்வு வாரங்கள் கடந்தும் நீங்காவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

நிறுத்தியவர் மறுபடி புகைத்துவிட்டு வந்து சொன்னால், சொன்னதற்காக அவரைத் தண்டிக்காதீர்கள். எந்த நேரம், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டு, அடுத்த தேதியைக் குறியுங்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் உங்கள் ஒழுங்கு விதிகளில் இரண்டு வரிகளைச் சேர்க்கக் கோருகிறோம்: புகையிலையோடு பிடிபடும் மாணவரிடம் முதலில் ஆலோசகர் பேசுவார், உதவி கேட்டுத் தானாக வரும் மாணவர்மீது நடவடிக்கை கிடையாது.

இப்படிக்கு,
பதின்பருவத்தினரின் புகையிலைப் பழக்க மீட்பில் பணியாற்றும் ஆலோசகர்கள்