பாஸா, ஃபெயிலா? தேதி போட்டுச் சொல்லுங்கள்

ராணுவத் தளவாடக் கொள்முதல் அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. 11 மாதத்துக்கு முன் பரிசோதனைக்கு அனுப்பிய எங்கள் சாம்பிளைக் காணோமாம். புதிதாக ஒன்று செய்து அனுப்பச் சொல்லிப் போன வாரம் கடிதம் வந்தது.

கோவை கணபதியில் 4 மெஷின் போட்டு, அடுத்தவர் ஆர்டருக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் வொர்க் செய்கிறவன் நான். அந்த பீஸுக்கான ஸ்டீலைத் துண்டாகத் தர ஆளில்லை, பேங்க் ஓ.டி. கடனில் பணம் எடுத்து முழு நீள பாராக வாங்கினேன். துளை அளவில் பிசகு 10 மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள், நிற்க வேண்டும். மூன்று பீஸ் ரிஜெக்ட் ஆகி, நாலாவதும் ஐந்தாவதும் தேறியபோது ராத்திரி இரண்டு மணி. ஒன்றை அனுப்பினேன். இன்னொன்று எண்ணெய்க் காகிதம் சுற்றிப் பட்டறைச் சாமி படத்தடியில் இருக்கிறது. மிச்ச பார் மூலையில் துருவேறிக் கிடக்கிறது. வட்டியை பேங்க் மாதம் தவறாமல் பிடிக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சாம்பிள் வாங்கினால் 60 நாளில் பாஸா ஃபெயிலா என்று எழுத்தில் சொல்லுங்கள். ஃபெயில் என்றாலும் சரி, திருத்திக்கொள்வோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலும் சின்னப் பட்டறைகள் இப்படித்தான் தவித்தன. ஆர்டர் பெரிய கம்பெனிகளுக்குப் போனது. இரும்பும் ராணுவ வேலைக்கே ஒதுக்கப்பட்டதால் வழக்கமான வேலையும் நின்றது. 1942 ஜூனில் அவர்கள் நாடாளுமன்றம் சிறு ஆலைகளுக்கென்றே 15 கோடி டாலர் மூலதனத்தில் ஒரு கார்ப்பரேஷன் அமைத்தது. கடன் தரவும், மெஷின் வாங்கி வாடகைக்கு விடவும், ராணுவ ஆர்டரைத் தானே எடுத்துப் பிரித்துக் கொடுக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது. அப்படியும் ஆர்டர் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு 100 கம்பெனிகளுக்கே போனது. கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் மிச்சமும் போயிருக்கும். நேச நாடுகளுக்குப் போர்த் தளவாடம் அனுப்ப அமெரிக்கா போட்ட லெண்ட்-லீஸ் சட்டத்தில் சோவியத்துக்குக் கப்பலேறிய லாரி, ஜீப் மட்டும் சுமார் 4 லட்சம். அத்தனைக்கும் வேண்டிய போல்ட்டையும் புஷ்ஷையும் ஒரே கூரைக்கடியிலா செய்தார்கள்?

2019 ஜனவரியில் ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்கத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது ஐந்து ஊர்களில் கோவை, சேலம், ஓசூர் பேரும் இருந்தது. அதை நம்பித்தான் பம்பு வேலையைக் குறைத்தேன். இப்போது டெண்டரில் மூன்று வருட சப்ளை அனுபவம் கேட்கிறார்கள். முதல் ஆர்டரே தராமல் அனுபவம் எங்கிருந்துங்க வரும்? அவசரம் வந்தபிறகு எங்களைத் தேடினால், லேத்தை விற்றுவிட்டுப் போனவனை எங்கே பிடிப்பீர்கள்?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 60 நாளில் பதில், அவ்வளவுதான். சாமி படத்தடியில் இருக்கும் பீஸை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். வாங்குகிறவர் தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டுமுங்க.

இப்படிக்கு,
ஒரு ஜாப் வொர்க் பட்டறைக்காரன்