எல்லியட் கவுண்டியைப் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இந்த மலைப்பக்கத்துச் சின்ன ஊர்க்காரங்க எல்லாம் பரம்பரை பரம்பரையா குடியரசுக் கட்சிதான் அக்கா, சாகிற வரைக்கும் மாற மாட்டாங்க" என்றாய். நீ அமெரிக்காவிலேயே இருக்கிறவன், நான் தேர்தல் கணக்கைத் தூரத்திலிருந்து படிக்கிறவள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் கையில் ஒரே ஒரு ஊரைக் கொடுக்கிறேன், பார்.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே எல்லியட் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. மொத்த ஜனத்தொகை 7,000 சொச்சம். அதன் தலைநகரான சாண்டி ஹுக்கில் ஆயிரம் பேர் கூட இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளைக்காரர்கள். நீ சொன்ன அதே மாதிரி ஊர். இந்தக் கவுண்டி உருவானது 1869-ல். 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் அது ஜனநாயகக் கட்சிக்குத்தான் போட்டது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை. 1972-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெகவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார் இல்லையா? அந்த வருஷம் இங்கே அவருக்கு 65 சதவீதம்.

ஏன் இவ்வளவு பிடிப்பு? என் கணிப்பில் பெரிய காரணம் புகையிலை. அங்கே விளைந்தது பர்லி என்ற வகைப் புகையிலை. செடியை அடியோடு வெட்டி, தண்டைக் குச்சியில் கோத்து, கொட்டகையின் உத்தரங்களில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வாரக்கணக்கில் காற்றிலேயே காய வேண்டும். பச்சை இலை பழுத்துப் பழுப்பாகும். அப்புறம் ஈரப்பதமான நாளாகப் பார்த்து இறக்கி, இலை இலையாக உருவித் தரம் பிரித்து ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வருஷத்து உழைப்பு மொத்தமும் அந்த ஏலத்தில்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில், யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்று அளவு வைத்த ஒதுக்கீட்டுத் திட்டம் வந்தது. அது அந்த ஏலத்துக்கு ஒரு குறைந்தபட்ச விலையும் வைத்தது. வியாபாரி அதற்கு மேல் கேட்காவிட்டால் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொள்ளும். எந்தக் கட்சி இதைக் கொண்டுவந்தது என்று யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஏலத்துக்குப் போய்வந்த அப்பாவைப் பார்த்தே பிள்ளைகள் கட்சியைக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

2004-ல் அந்தத் திட்டத்தைச் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். ஒதுக்கீடு வைத்திருந்தவர்களுக்குப் பத்து வருஷத் தவணையில் இழப்பீடு வந்தது, 2014-ல் அதுவும் தீர்ந்தது. ஊர் மாறியது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிழக்குக் கென்டக்கி முழுக்க நிலக்கரி வேலை போன கோபம் இருந்தது. துப்பாக்கி, கருக்கலைப்பு, தேவாலயம் என்று பேச்சே வேறு திசையில் திரும்பியிருந்தது. ஆனால் பழைய கட்சியோடு வீட்டைக் கட்டிவைத்திருந்த கயிறு அறுந்துபோனது நிஜம்.

இப்போது எண்களைப் பார். 2008-ல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு 61 சதவீதம். 2012-ல் 49, மயிரிழையில் ஜெயித்தார். 2016-ல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 70. எட்டே வருஷம், தம்பி! 140 வருஷம் அசையாத ஊர் அது. இதைப் பார்த்த பிறகும் "பரம்பரை பரம்பரையா" என்று உன்னால் எப்படிச் சொல்ல முடிகிறது?

இன்னொன்றையும் நீ கவனிக்க வேண்டும். அதிபர் தேர்தல் வரைபடத்தில் அந்த இடம் இப்போது சிவப்பு, குடியரசுக் கட்சியின் நிறம். ஆனால் 2019 ஆளுநர் தேர்தலில் அதே ஊரில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர்தான் ஜெயித்தார். அங்கே வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்றும் பதியலாம். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், டிரம்ப் ஜெயித்த பிறகும் ஜனநாயகக் கட்சி என்று பதிந்தவர்களே வெகுகாலம் அதிகமாக இருந்தார்கள். கென்டக்கியில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பதிந்திருக்க வேண்டும். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப் யார், கவுண்டியை நடத்துவது யார் என்பதெல்லாம் அந்தக் கட்சிக்குள்ளேயே முடிவாகிவந்த ஊரில், பதிவை மாற்றினால் உள்ளூர் விவகாரத்தில் வாய் இல்லாமல் போய்விடும். அதனால் பதிவேட்டில் ஒரு கட்சி, அதிபருக்கு இன்னொரு கட்சி. இதை நீ குழப்பம் என்பாய். எனக்கு அது நன்றாக யோசித்துச் செய்த காரியமாகத்தான் படுகிறது.

அப்புறம், அந்த 70 சதவீதத்துக்கு வெளியே இருக்கிறவர்கள். 2016-ல் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரிக்குப் போட்டவர்களே கால்வாசிப் பேர். வரைபடத்தில் அவர்களுக்கு நிறமே கிடையாது. ஆனால் நாலு பேருக்கு ஒருவர் என்றால், தேவாலயத்தில் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவராவது இருப்பார் இல்லையா? நீ "எல்லாரும்" என்று சொன்னபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த முறை அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போனால் சாண்டி ஹுக்கில் ஒரு மணி நேரம் நில். அரசியல் பேசாதே, புகையிலை பற்றிக் கேள். யாராவது ஒரு பெரியவர் நிச்சயம் பேசுவார். அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா